கெண்டைத் தபால்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மஞ்சூர்ப் பக்கம் வந்திருந்தால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்திருக்காது. நிற்கவும் கிடைத்திருக்காது. கொண்டை ஊசி வளைவில் பஸ் ஒரு பக்கம் சாயும்போது உள்ளே இருந்த ஜனமெல்லாம் மறுபக்கம் சாய்ந்து அதை நிமிர்த்திக்கொண்டு போனார்கள். கண்டக்டர் ஸ்டாப்பின் பெயரையே மாற்றிவிட்டார். "மீன் தபாலாபீஸ் எல்லாம் எறங்குங்க!" என்று கூவிவிட்டுத்தான் விசில் அடிப்பார்.

ஆமாம், மீன் தபாலாபீஸ்தான். சிரிக்காதீர்கள். படித்த வாத்தியார்கள் இரண்டு பேர் அந்த வரிசையில் நின்றார்கள்.

விஷயம் இதுதான். மஞ்சூருக்குக் கீழே மின்சாரத்துக்காகக் கட்டிய அணைத் தேக்கம் ஒன்று. அதன் கரையில் சிலோன் தோட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த பன்னிரண்டு குடும்பங்கள் இருந்தன. வீட்டுக்கு ஒருவர் எஸ்டேட் வேலைக்குப் போவார். இன்னொருவர் பரிசலில் போய்க் கெண்டை பிடிப்பார். இரண்டு நாட்டுச் சர்க்காரும் மேஜையில் உட்கார்ந்து இந்த ஜனங்களைப் பங்கு பிரித்தபோது, தாயை அந்தப் பக்கமும் மகனை இந்தப் பக்கமும் வைத்துவிட்டார்கள். கடிதம் போட்டால் போய்ச் சேர ஒரு மாதம், பதில் வர இன்னொரு மாதம். அந்தத் துக்கம் நிஜமான துக்கம். அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. அந்தத் துக்கத்தின் வாசலில் கடை விரித்த ஒருவன்தான் இந்தக் கதைக்கு நாயகன்.

அவனுக்குப் பெயர் அக்கரைச் சாமி. மேட்டுப்பாளையம் பக்கமிருந்து ஒருநாள் வந்தான், கரையிலிருந்த பழைய பம்ப் கொட்டகையில் குடியேறினான், மூன்றாம் நாள் அருள் வந்தது. அணைக்கு அடியில் ஒரு சுரங்கம் இருக்கிறதாம். அது ராமேசுவரத்துக்கும் அப்பால் சிலோனில் போய்த் திறக்கிறதாம். நீரம்மா என்ற தண்ணீர்த் தெய்வத்தின் கெண்டைகள் அந்த வழியாகப் போய் உறவுக்காரர்களின் சேதியை வயிற்றில் வாங்கிக்கொண்டு வருகின்றனவாம். கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கும் மேலே கெண்டை எப்படி ஏறி வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பஸ்ஸே ஏறி வருகிறதே என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ.

கேட்டவள் ஒருத்தி உண்டு. அவள் பெயர் காத்தாயி.

"சாமி, இந்தச் சுரங்கத்துத் தண்ணியெல்லாம் பவர்ஹவுஸுக்குத்தானே போகுது? அந்தச் சக்கரத்துக்குள்ள பூந்து வந்தா மீனு கொத்துக்கறியால்ல வரணும்?"

சாமி பதில் சொல்லும் முன்பே பழனியாண்டிக் கங்காணி முந்திக்கொண்டார். சிலோனில் இருபது வருஷம் கங்காணியாக இருந்தவர். இங்கே பன்னிரண்டு பரிசல்களுக்கும் அவர்தான் தலைவர். "அது கரண்டு ஏறின மீனு காத்தாயி. அதான் இம்புட்டு வேகமா வந்து சேருது" என்றார். கூட்டம் கைதட்டியது. விஞ்ஞானம் அத்தோடு முடிந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தபால் பட்டுவாடா. சாமி பழைய பட்டாளத்துக் கோட்டு ஒன்றைப் போட்டிருப்பான். கை இரண்டும் விரல் நுனிவரை தொங்கும். குந்தா மலைக் குளிரில் கோட்டுப் போட்டவனை யார் சந்தேகப்படுவார்கள்? பக்தர் கொண்டுவந்த கெண்டையை வாங்குவான், வயிற்றைக் கீறுவான், கையை உள்ளே விடுவான். கை வெளியே வரும்போது விரலிடுக்கில் ஏதாவது மினுங்கும். விளிம்பு நெளிந்த சிலோன் சல்லிக்காசு, ஒரு பாசிமணி, ஒரு சட்டைப் பொத்தான். கீறிய மீன் சாமியின் சட்டிக்குப் போய்விடும்.

காத்தாயியின் புருஷன் ராசுவுக்கு வந்த முதல் தபால் ஒரு சல்லிக்காசு.

"ஹட்டன்ல ஒரு தாய்... வயசானவ... முழங்கால் வலிக்குதுங்கறா" என்றான் சாமி கண்ணை மூடிக்கொண்டு.

ராசு அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதான். அவன் தாய் தெய்வம்மா சிலோனில் ஹட்டனில்தான் இருந்தாள். அவளுக்கு முழங்கால் வலியும் உண்டு. எழுபது வயதில் முழங்கால் வலிக்காத தாய் உலகத்தில் எங்கே இருக்கிறாள் என்று காத்தாயி கேட்க நினைத்தாள். புருஷன் அழுகிற அழுகையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். அன்று பேசாமல் இருந்ததற்காக அவள் பின்னால் ரொம்ப நாள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

சேதி வந்தால் பதில் போட வேண்டாமா? அதற்கும் சாமி வழி சொன்னான். கடிதத்தை டின்னில் அடைத்து, மெழுகு வைத்து மூடி, கல் கட்டி, கரையோரம் அவன் காட்டுகிற வளைவில் போட வேண்டும். சாதாரணத் தபாலுக்கு ஒரு கல், ரிஜிஸ்டர் தபாலுக்கு மூன்று கல். டின் கிடைக்காதவர்கள் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடலாம். கங்காணி உடனே நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். ஹட்டன் தபால் கிழக்கே, பதுளைத் தபால் மேற்கே என்று கம்பு நட்டு, துணி கட்டினார். ஒரு கிழவி பதுளைக் கடிதத்தை ஹட்டன் பக்கம் போட்டுவிட்டு, மீன் குழம்பிப்போகுமே என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள்.

கடிதத்தோடு நின்றார்களா? பார்சல் போனது. சேலை போனது, கம்பளி போனது, பிஸ்கட்டும் தைலமும் போயின. மாமியாருக்கு ஒருவன் பல்செட் அனுப்பினான். மச்சானுக்கு ஒருவன் சைக்கிள் டயர் அனுப்பினான். கெண்டை அதை எப்படி விழுங்கும் என்று கேட்டதற்கு, நாலைந்து மீன் சேர்ந்து இழுத்துக்கொண்டு போகும் என்றான் சாமி. பால் டின் தீர்ந்துபோனதும் தேயிலைக்கு அடிக்கும் மருந்து டின்னைக் கழுவாமல் கொள்ளாமல் அப்படியே பயன்படுத்தினார்கள். அந்த வளைவில் தண்ணீரின் நிறம் மாறியது. வெயில் பட்டால் மேலே எண்ணெய்ப் படலம் தெரிந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் கெண்டைகள் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதக்க ஆரம்பித்தன.

"முகவரி சரியா எழுதாத தபாலுங்க. திரும்பி வந்திருக்குது" என்றான் சாமி.

அதற்கும் தலையாட்டினார்கள். அடுத்த வாரம் முகவரியைத் தெளிவாக எழுதி இன்னும் இரண்டு மடங்கு டின்களைப் போட்டார்கள்.

காத்தாயிக்கு இதில் பக்தியும் இல்லை, கோபம்கூட முதலில் இல்லை. அவளுக்கு இருந்தது வலைதான். புது நைலான் வலை. மறுவாழ்வுக்கென்று கிடைத்த உதவியில் வாங்கியது. விடியும்போது பரிசலில் போய் வலையை எடுப்பாள். பத்து மணி பஸ்ஸில் மஞ்சூர் போய் ஜெய்புன்னிசாவின் மீன் கடையில் போடுவாள். ராசுவின் எஸ்டேட் வேலை வாரத்தில் மூன்று நாள்தான். மற்ற நாலு நாளும் அந்த வீட்டில் உலை கொதித்தது வலையால்தான்.

ஒருநாள் ஜெய்புன்னிசா கூடையைத் திருப்பித் தள்ளினாள்.

"ஏனுங்க அம்மணி, இந்த மீனு வேண்டாமுங்க. நேத்து ஒருத்தர் ஊட்டுக்கு வாங்கிட்டுப் போயி அறுத்திருக்காரு. உள்ளார பார்த்தா பிளாஸ்டிக்குக் காயிதமா இருக்குதுங்க. என்னைய வந்து வையறாரு. இங்க பாருங்க."

அரிவாள்மனையில் ஒரு கெண்டையைப் பிளந்து காட்டினாள். குடலுக்குள் பிளாஸ்டிக் துண்டு, நூல், பிஸ்கட் சுற்றிய தாள். சேறு கிளறித் தின்னும் மீன். சேற்றில் கிடந்ததைத் தின்றிருந்தது.

"சேதி கொண்டாருதுன்னு சொல்றாங்களே, இதுதானுங்களா சேதி?" என்றாள் ஜெய்புன்னிசா.

மறுநாள் காத்தாயியின் வலையில் மீனுக்குப் பதில் ஒன்பது டின்கள் ஏறின. வலை நான்கு இடத்தில் கிழிந்தது. திட்டிக்கொண்டே டின்களைக் கரையில் கொட்டியவள், சட்டென்று திட்டுவதை நிறுத்தினாள். ஒன்பது டின்னிலும் மூடி திறந்திருந்தது. மெழுகைக் கத்தியால் சுரண்டிய தடம் தெரிந்தது. உள்ளே கடிதம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஒன்பதையும் சாமியின் முன்னால் வரிசையாக வைத்தாள்.

"மீனுக்கு வெரல் கெடையாதே சாமி. மூடியத் தெறந்தது யாரு?"

கூட்டம் சாமியைப் பார்த்தது. சாமி தண்ணீரைப் பார்த்தான். தொழில் தெரிந்தவன், தடுமாற்றம் ஒரு நொடிதான். கையிலிருந்த கெண்டையைக் கீறி, ஒரு சின்ன நைலான் முடிச்சை எடுத்து உயரே தூக்கிக் காட்டினான்.

"நீரம்மா அழுவுறா! இந்த நைலான் வலை அவ தபால்காரங்களைக் கழுத்த நெரிக்குது! சேதி தடைப்படறதுக்கும் மீனு சாவறதுக்கும் இதுதான் காரணம்! வர்ற ஞாயித்துக்கெழமை இந்த வலையக் கல்லக்கட்டித் தண்ணிக்குள்ள விடோணும். இல்லீன்னா அக்கரையில இருக்கற உங்க சனத்துக்கு ஆகாது!"

அக்கரையில் இருக்கிற சனம் என்றதும் கூட்டம் மொத்தமும் காத்தாயியின் பக்கம் திரும்பியது. கங்காணி வலையை முழுகவைக்க உத்தரவு போட்டார். திறந்த டின்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ராசு சொன்னான். "குடுத்துருவோம் புள்ள. அம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா நான் உசுரோட இருக்க ஏலாது."

"வலைய முழுக்கிட்டு என்னத்தத் திங்கிறது?"

"அம்மா சேதி வருதே."

"என்னாங்க, தபாலாபீஸுல காயிதம் போட்டு எத்தன மாசமாச்சு?"

ராசு விரல் விட்டு எண்ணினான். எட்டு மாதம். அணையில் வாராவாரம் போடும்போது அங்கே எதற்கு என்று விட்டுவிட்டான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு குழந்தைத்தனமான திருப்தி இருந்தது. காத்தாயிக்கு அவனை அடிக்கலாம் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

அவள் இரண்டையும் செய்யவில்லை. மறுநாள் மஞ்சூர் போய் ஜெய்புன்னிசாவிடம் ஒரு தாளைக் கொடுத்தாள்.

"அக்கா, ஒரு காயிதம் எழுதணும். தலவாக்கலையில இருக்கிற என் தங்கச்சி சின்னம்மைக்கு."

"உனக்குத் தங்கச்சி இருக்குதுங்களா? சொல்லவே இல்லையே."

"இல்ல. அதான் எழுதணும்."

ஜெய்புன்னிசா சிரிக்கத் தொடங்கி, சிரித்து முடித்து, எழுதினாள். அன்புள்ள தங்கை சின்னம்மைக்கு. உன் இடது கால் ஊனம் இப்போது எப்படி இருக்கிறது? நீ வளர்த்த செவலைக் கன்று செத்துப்போனது கேட்டு மனசு ஆறவில்லை. என் வலையை முழுக்கச் சொல்கிறார்கள். நீ என்ன சொல்கிறாய்?

காத்தாயி ஒண்டிப் பிள்ளையாய்ப் பிறந்தவள். பன்னிரண்டு குடும்பமும் பன்னிரண்டு தோட்டத்திலிருந்து வந்ததால் அது அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தவன் ராசு ஒருவன்தான். அவனிடம் அவள் மூச்சு விடவில்லை. கடிதத்தை டின்னில் அடைத்து, மெழுகு வைத்து, மூன்று கல் கட்டி, புதன்கிழமை ரிஜிஸ்டர் தபாலாகப் போட்டாள். சாமி கொட்டகை வாசலில் நின்று ஆசீர்வாதம் செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிக்கட்டியிலிருந்து தனி பஸ் விட்டிருந்தார்கள். வலை முழுகுவதைப் பார்க்க ஜெய்புன்னிசாவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கல் கட்டிய வலையைத் தோளில் சுமந்துகொண்டு ராசு நின்றான். கங்காணி தேங்காய் உடைத்தார்.

சாமி கெண்டையைக் கீறினான். கை உள்ளே போனது, வெளியே வந்தது. விரலிடுக்கில் ஒரு சிவப்புப் பாசிமணி.

"காத்தாயி! உனக்குத்தான்!" என்று அலறினான். "தலவாக்கலை... கூடப் பொறந்தவ... சின்னம்மை! சின்னம்மைங்கறா! நொண்டி நொண்டி வர்றா... எடது காலு! செவலைக் கன்னு போயிருச்சேன்னு அழுவுறா! அக்கா, வலைய முழுக்கிப்போடு, இல்லீன்னா என் இன்னொரு காலும் போயிரும்ங்கறா!"

கூட்டம் கும்பிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். "பேரோட சொல்றாரு பாரு!" என்று ஒரு வாத்தியார் இன்னொரு வாத்தியாரின் தோளைக் குலுக்கினார்.

காத்தாயி கூட்டத்தைப் பார்க்கவில்லை. ராசுவைப் பார்த்தாள். அவன் வாய் பாதி திறந்தபடி நின்றது. அவன் பேசினால் வலை பிழைக்கும். ஆனால் எட்டு மாதமாக வாராவாரம் அவனோடு பேசிய தாய் அந்த நிமிஷமே இல்லாமல் போவாள். இரண்டும் அவனுக்குப் புரிந்தது.

"சாமி," என்றான் கடைசியில். "இவளுக்குத் தங்கச்சியே கெடையாது."

குலவை பாதியில் நின்றது.

"ஒண்டிப் பொறப்பு. தாய் தகப்பனும் செத்துட்டாங்க. சின்னம்மைன்னு யாருமே இல்ல சாமி. இல்லாதவளுக்கு எப்படிக் காலு நொண்டும்?"

"நான்தான் இட்டுக்கட்டி எழுதினேன். அந்தப் பேரு டின்னுக்குள்ளதான் இருந்திச்சு. டின்னத் தெறந்தவருக்குத்தான் தெரியும்" என்றாள் காத்தாயி.

"எழுதினது நானுங்க" என்று ஜெய்புன்னிசா எழுந்து நின்றாள்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். உங்களுக்கு நம் ஜனங்களைத் தெரியாதா? கங்காணி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். "பொறக்காதவகிட்ட இருந்தே சேதி கொண்டாறான்னா, நீரம்மாவுக்கு எம்புட்டுச் சக்தி இருக்கணும்!"

கூட்டம் மறுபடியும் கும்பிட்டது. சாமியின் முகத்தில் உயிர் வந்தது.

"சரி," என்றாள் காத்தாயி. "சக்தி மீனு வயித்துல இருக்கா, கோட்டுக்குள்ள இருக்கா? சாமி, கோட்டக் கழட்டுங்க. மீன நான் அறுக்கிறேன்."

"சாமிக்குக் குளிருமே" என்றார் கங்காணி.

காத்தாயி தன் கம்பளியை எடுத்து நீட்டினாள். சாமி பின்னால் நகர்ந்தான். ராசு வலையைக் கீழே போட்டுவிட்டு, போய்க் கோட்டின் கையைப் பிடித்து இழுத்தான். தையல் பிரிந்தது. பாசிமணிகள், பொத்தான்கள், சல்லிக்காசுகள், இரண்டு கொலுசு மணிகள் எல்லாம் பாறையில் கொட்டி உருண்டன. வரிசையில் முன்னால் இருந்த கிழவிகள் தத்தம் உறவுக்காரர்களின் வருங்காலச் சேதிகள் உருண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காத்தாயி கூடையிலிருந்த கெண்டைகளை ஒவ்வொன்றாக அறுத்து, வயிற்றில் இருந்ததை எல்லார் கண்ணுக்கும் முன்னால் கொட்டினாள். பிளாஸ்டிக். நூல். மெழுகு. பிஸ்கட் தாள்.

"இதான் நீங்க போட்ட தபால். உங்களுக்கே வந்திருக்கு. இதத் தின்னுட்டுத்தான் மீனு சாகுது. அந்த மீனத்தான் நாம திங்கிறோம், ஊருக்கும் விக்கிறோம்."

அப்போதும் கங்காணிக்குச் சந்தேகம் இருந்தது. அதைத் தீர்த்தது பம்ப் கொட்டகை. ஓடிப்போய்க் கதவைத் திறந்தவர்கள் ஒரு நீளக் கொக்கிக் கம்பையும், மூட்டை மூட்டையாகச் சேலையும் கம்பளியும் கட்டி வைத்திருப்பதையும் கண்டார்கள். மேல் மூட்டையில், பதுளையில் இருக்கும் மகளுக்கென்று கங்காணி போன மாதம் அனுப்பிய மஞ்சள் சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது. மனுஷன் அதைத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார்.

ஓடும் முன்பு சாமி ராசுவிடம் ஒன்று கேட்டான். "ஏனப்பா, எட்டு மாசம் நிம்மதியா இருந்தியே. அது பொய்யா?"

"நிம்மதி நெசந்தான்" என்றான் ராசு. "காயிதம்தான் பொய்யி."

பிக்கட்டியிலிருந்து வந்த தனி பஸ் அன்று சாமியை ஏற்றிக்கொள்ளவில்லை. கோட்டு இல்லாமல் மலையிறங்கிப் போனான் என்று கேள்வி.

வலை முழுகவில்லை. அதே வலையைக் கிழிசல் தைத்து, பன்னிரண்டு பரிசலும் சேர்ந்து மூன்று வாரம் தண்ணீரை அலசினார்கள். டின்கள் மலையாகக் குவிந்தன. சைக்கிள் டயர் வந்தது. பல்செட்டும் வந்தது; அனுப்பியவன் திரும்ப வாங்கிக்கொள்ள வெட்கப்பட்டான். மருந்து டின்களைத் தனியாகப் பிரித்து எஸ்டேட் ஸ்டோரில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார்கள். தண்ணீர் தெளியவும் ஜெய்புன்னிசா மறுபடி கூடையை வாங்கவும் ஒரு மழைக்காலம் ஆனது.

சாமி ஓடிய மறுநாளே ராசு மஞ்சூர் தபாலாபீஸில் தபால்தலை ஒட்டிய கடிதம் ஒன்றை, எச்சில் தொட்டு இரண்டு முறை அழுத்தி, பெட்டியில் போட்டான். இரண்டு மாதம் கழித்து ஹட்டனிலிருந்து பதில் வந்தது. எழுத்துக் கூட்டி அவனே சத்தமாகப் படித்தான். காத்தாயி அரிசி களைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மகன் ராசுவுக்கு அம்மா தெய்வம்மா எழுதியது. எட்டு மாதமாக உன் கடிதம் இல்லாததால் மனசு கேட்காமல் குறிகாரனிடம் போனேன். ஒரு சேவலை வாங்கிக்கொண்டு வெற்றிலையில் மை போட்டுப் பார்த்தான். நீ தண்ணீரில் போய்விட்டாய் என்று சொன்னான். அழுது புலம்பி உனக்குப் பதினாறாம் நாள் காரியமும் செய்து முடித்துவிட்டேன். இப்போது உன் கடிதம் வந்திருக்கிறது. இதை எழுதியது நீயா, உன் ஆவியா என்று தெரியவில்லை. குறிகாரனிடமே கேட்கலாம் என்று இருக்கிறேன். அதற்கு இன்னொரு சேவல் கேட்கிறான்."

ராசு சிரித்தானா அழுதானா என்று காத்தாயிக்கே தெரியவில்லை. தன் கருமாதிச் சேதியைத் தானே படித்த மனுஷனுக்கு எதைச் செய்வது என்று யார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்?

அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு ஒரு தாய் வர இரண்டு சர்க்கார் கையெழுத்துப் போட வேண்டும். மூடத்தனம் மட்டும் எந்தக் கையெழுத்தும் இல்லாமல் இரண்டு கரையிலும் குடியிருக்கிறது. உங்கள் வாசலுக்கும் அது வரும், நாளைக்கே வரும். வரும்போது சேவலைக் கட்டிப்போடுங்கள், மூளையை அவிழ்த்துவிடுங்கள்.